சிறு காலாட்படை அணியின் தாக்குதல், தற்காப்பு, அடக்குச் சூடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர் வரலாறு வாசிப்பவர்களோடு பேச உட்கார்ந்தால், பேச்சு எந்தப் போரில் தொடங்கினாலும் கடைசியில் இதே சில கேள்விகளில்தான் வந்து நிற்கிறது. "மறுநாள் காலையில் குன்று கைப்பற்றப்பட்டது" என்று நூல்கள் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. அந்த ஒரு வரிக்குள் பத்துப் பேர் தரையோடு தரையாகக் கிடந்து என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பச் சொல்லிவந்த பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். செக்‌ஷன், பிளட்டூன், எல்.எம்.ஜி. (இலகு இயந்திரத் துப்பாக்கி) போன்ற சொற்களைப் படைவீரர்கள் சொல்வதுபோலவே வைத்திருக்கிறேன்.

செக்‌ஷன், பிளட்டூன், கம்பெனி என்கிறார்களே, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர்?

நாட்டுக்கு நாடு மாறும். செக்‌ஷன் என்பது பொதுவாக 8 முதல் 13 பேர் வரை கொண்டது. இந்தியத் தரைப்படையில் 10 பேர், இன்றைய பிரிட்டிஷ் படையில் 8 பேர், அமெரிக்கத் தரைப்படையில் 9 பேர் என்பது வழக்கம். மூன்று அல்லது நான்கு செக்‌ஷன்கள் சேர்ந்தால் ஏறத்தாழ 30 முதல் 40 பேர் கொண்ட பிளட்டூன். மூன்று பிளட்டூன்களும் தலைமையகமும் சேர்ந்தால் நூற்றுச் சொச்சம் பேர் கொண்ட கம்பெனி. இந்தப் பக்கத்தில் "சிறு அணி" என்று சொல்லும்போது செக்‌ஷனையும் பிளட்டூனையும் மட்டுமே குறிப்பிடுகிறேன்.

எண்ணிக்கையைவிட முக்கியமானது உள்பிரிவு. ஏறக்குறைய எல்லாப் படைகளிலும் செக்‌ஷன் இரண்டாகப் பிரிந்து இயங்கக்கூடியதாக அமைந்திருக்கும். ஒரு பகுதி சுடும்போது மற்றொரு பகுதி நகரும். இந்தப் பக்கத்திலுள்ள மற்ற பதில்கள் எல்லாம் இந்த ஏற்பாட்டிலிருந்தே கிளைக்கின்றன.

எல்லோரும் ஒரே வரிசையாக ஓடிப்போய்த் தாக்கினால் சீக்கிரம் முடிந்துவிடாதா?

சீக்கிரம் முடிந்துவிடும், தாக்கியவர்களுக்கு. 1916 ஜூலை 1 அன்று சோம் ஆற்றங்கரையில் பிரிட்டிஷ் காலாட்படை பல இடங்களில் வரிசைகளாக முன்னேறியது. அந்த ஒரே நாளில் 57,470 பேர் இறந்தோ காயமடைந்தோ காணாமலோ போனார்கள். அவர்களில் 19,240 பேர் இறந்தவர்கள். ஒரு வாரம் நீடித்த பீரங்கிக் குண்டுவீச்சு ஜெர்மானியப் பதுங்குகுழிகளை அழித்துவிட்டிருக்கும் என்ற நம்பிக்கையில் போட்ட திட்டம் அது. குண்டுவீச்சு நின்றதற்கும் காலாட்படை முள்கம்பியை எட்டியதற்கும் இடையில் கிடைத்த சில நிமிடங்கள், ஆழத்தில் ஒளிந்திருந்த ஜெர்மானிய இயந்திரத் துப்பாக்கிக்காரர்கள் மேலேறி வந்து அமர்வதற்குப் போதுமானவையாக இருந்தன.

அதற்குப் பின் ஏழே மாதத்தில், 1917 பிப்ரவரியில், பிரிட்டிஷ் படை பிளட்டூனையே மாற்றியமைத்தது. லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிக்கு ஒரு செக்‌ஷன், கைக்குண்டு எறிபவர்களுக்கு ஒன்று, துப்பாக்கி வழியே குண்டு எறிபவர்களுக்கு ஒன்று, ரைபிள்காரர்களுக்கு ஒன்று எனப் பிரித்தார்கள். பின்புறத்துப் பீரங்கியை மட்டும் நம்பியிருக்காமல், தன் பாதையைத் தானே சுட்டுத் திறந்துகொள்ளும் வலிமை 40 பேருக்குள் வந்துசேர்ந்தது. ஜெர்மானியப் படை வில்லி ரோர் போன்ற அதிகாரிகளின் வழியாக 1915 முதலே தனிப் பிரிவுகளில் இதே திசையில் சோதனை செய்துவந்தது. இன்றைய செக்‌ஷனின் வேர் அந்த அகழிகளில்தான் இருக்கிறது.

அடக்குச் சூடு என்றால் எதிரியைக் கொல்லச் சுடுவதுதானே? அதற்கு ஏன் தனிப்பெயர்?

நோக்கம் வேறு என்பதால்தான் தனிப்பெயர். குறிபார்த்துச் சுடுபவர் எதிரியின் உடலை நினைத்துச் சுடுகிறார். அடக்குச் சூடு சுடுபவர் எதிரியின் கண்ணையும் கையையும் நினைத்துச் சுடுகிறார். எதிரி தலையைத் தூக்கக்கூடாது, தூக்கினாலும் நிதானமாகக் குறிபார்க்கக்கூடாது, இடம் மாறக்கூடாது. இந்த மூன்றும் நடந்தால், ஒரு குண்டுகூட யார்மேலும் படாவிட்டாலும் அந்தச் சூடு வேலையைச் செய்துவிட்டது. அதனால் கிடைக்கும் பொருள் நேரம். எதிரி குனிந்திருக்கும் அந்த நேரத்தில் நம் ஆட்கள் நகர்கிறார்கள். அப்படி நகர்பவர்களைக் காக்கச் சுடும்போது அதையே காப்புச் சூடு என்றும் சொல்கிறார்கள். நகர யாருமில்லாதபோது சுடும் அடக்குச் சூடு பெரும்பாலும் சத்தமாகவும் செலவாகவும் மட்டுமே முடிகிறது.

காற்றில் எங்கோ சுட்டால் எதிரி குனிவான் என்று எண்ணிவிடக்கூடாது. தலைக்கு மேலே உயரத்தில் போகும் குண்டுகளைச் சற்று அனுபவமுள்ள வீரர் பொருட்படுத்துவதில்லை. காதருகே சாட்டை சொடுக்கியதுபோன்ற ஒலியும், முகத்துக்கு முன்னால் தெறிக்கும் மண்ணும்தான் அவரைக் குனிய வைக்கின்றன. ஆகவே அடக்குச் சூடும் துல்லியமாகவே இருக்க வேண்டும். இதைத்தான் பலர் ஏற்க மறுக்கிறார்கள்.

இயந்திரத் துப்பாக்கி இருக்கிறதே, விசையை அழுத்திக்கொண்டே இருந்தால் போதாதா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டாம் உலகப் போரின் ஜெர்மானிய எம்.ஜி. 42 நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,200 குண்டுகள் என்ற வேகத்தில் சுடும்; அதாவது நொடிக்கு 20. 50 குண்டுகள் கொண்ட நாடா இரண்டரை நொடியில் தீர்ந்துவிடும். பிரிட்டிஷ், இந்தியப் படைகளிடம் இருந்த பிரென் துப்பாக்கியின் வேகம் ஏறத்தாழ 500தான். ஆனாலும் 30 குண்டுகள் கொள்ளும் அதன் மேகசின் நான்கு நொடிக்குள் காலியாகும். அடுத்த மேகசின் மாட்டும் இடைவெளியில் எதிரி தலையைத் தூக்குவான். இடைவிடாமல் சுட்டால் குழலும் சூடேறிப் பாழாகும். அதனால்தான் இவ்வகைத் துப்பாக்கிகளோடு மாற்றுக் குழலும் தூக்கிச் செல்லப்படுகிறது.

நடைமுறை வேறுவிதமாக இருக்கும். முதல் அரை நிமிடம் வேகமாகச் சுட்டு எதிரியைக் குனிய வைப்பார்கள். பிறகு வேகத்தைக் குறைத்து, சில குண்டுகள் கொண்ட சிறு சிறு தொடர்களாகச் சுட்டு, குனிந்தவனைக் குனிந்தபடியே வைத்திருப்பார்கள். இரண்டு துப்பாக்கிகள் இருந்தால் ஒன்று நிறுத்தும்போது மற்றொன்று தொடங்கும். தூரத்திலிருந்து கேட்டால் இரண்டும் பேசிக்கொள்வதுபோல இருக்கும். நாடாவில் இயங்கும் 7.62 மி.மீ. துப்பாக்கி ஒன்று நிமிடத்துக்கு 100 குண்டுகள் என்ற மிதமான வேகத்தில் எட்டு நிமிடம் சுட்டால் 800 குண்டுகள் போகும். 100 குண்டு நாடா ஒன்று ஏறத்தாழ 3 கிலோ எடை. எட்டு நாடாக்கள் 24 கிலோ. அந்த எடையை யாரோ முதுகில் சுமந்து வந்திருக்க வேண்டும். அடக்குச் சூட்டின் எல்லையைத் தீர்மானிப்பது துணிச்சலைவிட இந்தச் சுமைதான் என்பது என் எண்ணம்.

நகர்பவர்கள் எப்படி நகர்கிறார்கள்? ஒரே ஓட்டமாக ஓட முடியாதா?

எதிரி ஒருவரைக் கண்டு, துப்பாக்கியைத் திருப்பி, குறிபார்த்துச் சுடச் சில நொடிகள் பிடிக்கும். ஆகவே எழுந்து, ஓடி, மீண்டும் தரையில் விழுவது 3 முதல் 5 நொடிக்குள் முடிய வேண்டும் என்று பயிற்சி தருகிறார்கள். முழுச் சுமையோடு மேடுபள்ளமான தரையில் அந்த நேரத்தில் ஏறத்தாழ 15 மீட்டர்தான் போக முடியும். எழும்போதே எங்கே விழப்போகிறோம் என்று பார்த்து வைத்திருக்க வேண்டும். விழுந்த இடத்திலேயே மறுபடி எழக்கூடாது; பக்கத்தில் சற்று ஊர்ந்துபோய்த்தான் எழ வேண்டும், ஏனென்றால் விழுந்த இடத்தை யாரோ குறிபார்த்துக் காத்திருக்கக்கூடும்.

இப்படி இரண்டு குழுக்கள் மாறி மாறி 200 மீட்டரைக் கடக்க ஐந்து நிமிடத்துக்குக் குறையாது. முந்தைய பதிலில் குண்டுகளை எட்டு நிமிடத்துக்குக் கணக்கிட்டது இதனால்தான்.

சுடுபவர்கள் ஒரு பக்கம், ஓடுபவர்கள் ஒரு பக்கம் என்றால் தங்கள் ஆட்களையே சுட்டுவிட மாட்டார்களா?

நேர் பின்னால் இருந்து சுட்டால் அந்த ஆபத்து உண்டு. அதைவிடப் பெரிய சிக்கல், ஓடுபவர்களே சுடுபவர்களின் பார்வையை மறைத்துவிடுவதால் மிகத் தேவையான நேரத்தில் சூடு நின்றுபோவது. ஆகவே சுடும் குழுவும் தாக்கும் குழுவும் இலக்கை வெவ்வேறு திசைகளிலிருந்து அணுகுகின்றன. இரண்டுக்கும் இடையிலான கோணம் செங்கோணத்தை நெருங்க நெருங்க, தாக்குபவர்கள் இலக்கின் விளிம்புவரை வந்த பிறகும் சுடுபவர்கள் தொடர்ந்து சுட முடியும்.

தாக்குபவர்கள் நெருங்கும்போது சூடு இலக்கின் இந்த முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்கிறது. கடைசியில் இலக்கைத் தாண்டிப் போகிறது, அல்லது நிற்கிறது. இந்த மாற்றத்துக்கு முன்கூட்டியே பேசிவைத்த அடையாளம் வேண்டும். ரேடியோ, வண்ண ஒளிக்குண்டு, விசில் என ஒன்றுக்கு இரண்டாக வைத்துக்கொள்வார்கள், ஏனென்றால் அந்த நேரத்துச் சத்தத்தில் ஏதேனும் ஒன்று நிச்சயம் தவறும். சூடு நின்று சில நொடிகளுக்குள் கைக்குண்டு உள்ளே விழ வேண்டும். சோமில் நிமிடங்களாக இருந்த இடைவெளியை நொடிகளாகச் சுருக்குவதே இந்த ஏற்பாட்டின் நோக்கம்.

நடந்து போகும்போது திடீரென்று சூடு விழுந்தால் முதலில் என்ன செய்வார்கள்?

ஓடி, மறைவில் விழுந்து, ஊர்ந்து, சுடத் தயாராவார்கள். இதை யோசிக்காமல் செய்யும் அளவுக்குப் பழக்கிவிடுகிறார்கள். பிரிட்டிஷ் மரபில் இதையொட்டி ஆறு படிகள் சொல்வார்கள்: முன்தயாரிப்பு, சூட்டுக்கு எதிர்வினை, எதிரியின் இடத்தைக் கண்டறிதல், சூட்டுப் போட்டியில் வெல்லுதல், தாக்குதல், மறுசீரமைப்பு. வரிசையில் சாதுவாகத் தெரியும் மூன்றாவது படிதான் மிகக் கடினமானது.

மறைந்திருந்து சுடுபவரைக் கண்ணால் காண்பது அரிது, காதுதான் உதவும். ஒலியைவிட வேகமாக வரும் குண்டு கடந்துபோகும்போது "சடீர்" என்ற ஒலி முதலில் கேட்கும். துப்பாக்கி வெடித்த "டும்" ஓசை பிறகுதான் வந்துசேரும். முதல் ஒலி ஏமாற்றும்; அது குண்டு கடந்த இடத்தைத்தான் காட்டும். இரண்டாவது ஓசை வந்த திசையில்தான் எதிரி இருக்கிறான். 300 மீட்டர் தூரத்தில் இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ அரை நொடி இடைவெளி இருக்கும். ஒரே துப்பாக்கி என்றால் இது வேலை செய்யும். பத்துத் துப்பாக்கிகள் சேர்ந்தால் காதும் குழம்பிவிடும்.

பக்கவாட்டிலிருந்து தாக்குவதை ஏன் இவ்வளவு சிறப்பாகச் சொல்கிறார்கள்? வெறும் ஆச்சரியத்துக்காகவா?

ஆச்சரியம் ஒரு பகுதி. வடிவக் கணக்கு இன்னொரு பகுதி. இயந்திரத் துப்பாக்கியின் குண்டுகள் தரையில் விழும் பரப்பு, சுடும் திசையில் நீண்டும் குறுக்கே ஒடுங்கியும் இருக்கும். குறுக்கே கிடக்கும் அகழியை முன்னாலிருந்து சுட்டால், பெரும்பாலான குண்டுகள் அகழிக்கு முன்னும் பின்னும் வீணாகும். அதே அகழியை அதன் நீளவாக்கில் ஒரு முனையிலிருந்து சுட்டால் அந்த நீண்ட பரப்பு முழுவதும் அகழிக்குள்ளேயே விழும். ஒருவரைத் தப்பிய குண்டு அவருக்குப் பின்னால் இருப்பவரைத் தேடிப் போகும். அகழிகளை நேர்கோட்டில் வெட்டாமல் வளைத்தும் மடக்கியும் வெட்டுவது இதனால்தான்.

தற்காப்புக்கு மேட்டின் உச்சிதானே சிறந்த இடம்?

தூரப் பார்வைக்கு நல்ல இடம். இருப்பதற்குப் பெரும்பாலும் மோசமான இடம். உச்சியில் நிற்பவரின் உருவம் வானத்தின் பின்னணியில் தெளிவாகத் தெரியும். மேலும், சரிவு நடுவில் புடைத்திருந்தால் உச்சியிலிருந்து அடிவாரம் தெரியாது; எதிரி அந்த மறைவிலேயே பாதித் தூரம் ஏறிவிடுவான். ஆகவே அடிவாரம்வரை தடையின்றிப் பார்வை செல்லும் இடத்தை, உச்சிக்குச் சற்றுக் கீழே சரிவில் தேடுவார்கள்.

இன்னொரு வழி, மேட்டின் பின்சரிவில் அமர்வது. எதிரியின் பீரங்கிக்கும் நேர்ச் சூட்டுக்கும் நாம் தெரிய மாட்டோம். அவன் உச்சியைக் கடக்கும்போது வானப் பின்னணியில், தன் ஆதரவுச் சூட்டிலிருந்து துண்டிக்கப்பட்ட நிலையில் வந்து நிற்பான். 1815இல் வாட்டர்லூவில் பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் தன் காலாட்படையில் பெரும்பகுதியை இப்படித்தான் மேட்டுக்குப் பின்னால் வைத்திருந்தார். நாம் விட்டுக்கொடுப்பது தூரப் பார்வையை. அதனால் உச்சியில் காவலர் சிலரை வைக்காமல் இந்த முறை செல்லாது.

எல்.எம்.ஜி.யை எதிரி வரும் திசையை நோக்கி நடுவில் வைப்பதுதானே முறை?

இயல்பாகத் தோன்றும் தவறு இது. நேராக நோக்கி வைத்தால் எதிரிக்கும் அது நேராகத் தெரியும். முதலில் அதைத்தான் அழிப்பான். நன்கு அமைத்த நிலையில் எல்.எம்.ஜி. ஓரத்தில் இருக்கும், அதன் முன்புறம் மண்மேடோ பாறையோ மறைத்திருக்கும், அது தன் முன்னால் சுடாமல் பக்கத்து நிலையின் முன்னால் குறுக்கே சுடும். பக்கத்து நிலையின் துப்பாக்கி இதன் முன்னால் சுடும். தாக்குபவர் எந்த நிலையை நோக்கி வந்தாலும், தான் பார்த்துக்கொண்டிருக்கும் குழியிலிருந்து அல்லாமல் பக்கத்திலிருந்து சூடு வாங்குகிறார். பக்கவாட்டுச் சூடு பற்றி மேலே சொன்ன கணக்கு இப்போது தற்காப்பவருக்குச் சாதகமாகிறது.

முள்கம்பி, கண்ணிவெடி போன்ற தடைகளும் இந்தச் சூட்டோடு சேர்ந்தால்தான் பயன்படும். யாரும் பார்க்காத, யாரும் சுடாத முள்கம்பியை ஒருவர் நிதானமாக உட்கார்ந்து வெட்டிவிடலாம். எதிரியைச் சில நிமிடம் சூட்டுப் பரப்பிலேயே நிறுத்திவைப்பதுதான் கம்பியின் வேலை.

ஒன்றுக்கொன்று உதவும் அந்த அமைப்பு கிடைக்காவிட்டால் என்ன ஆகும்?

1962 நவம்பர் 18 அன்று லடாக்கின் ரெசாங் லாவில் நடந்ததை எண்ணிப் பார்க்கலாம். மேஜர் சைத்தான் சிங் தலைமையில் 13 குமாவுன் பட்டாலியனின் (பட்டாலியன் என்பது சில கம்பெனிகள் சேர்ந்தது) சி கம்பெனி, ஏறத்தாழ 120 பேர், பரந்த மலைமுகட்டில் தனித்தனிப் பிளட்டூன் நிலைகளில் இருந்தார்கள். இடையிலிருந்த மலைமுகடு மறைத்ததால் இந்தியப் பீரங்கிகளால் அவர்களுக்கு உதவ முடியவில்லை. சீனப் படையின் முதல் அலைகளைச் சுட்டு நிறுத்தினார்கள். பிறகு நிலைகள் ஒவ்வொன்றாகத் தாக்கப்பட்டன. 110 பேருக்கும் மேல் இறந்தார்கள். மேஜருக்கு மறைவுக்குப் பின் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது. அவர்களின் வீரத்தைப் பாடுபவர்கள் அந்த மறைக்கும் முகட்டை மறந்துவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தமே.

தாக்குபவர் மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்பது உண்மையான விதியா?

விதி என்பதைவிடக் கைக்கணக்கு என்று சொல்வது பொருந்தும். ஒரு செக்‌ஷன் காக்கும் இடத்தை ஒரு பிளட்டூன் தாக்கும். ஒரு பிளட்டூன் காக்கும் இடத்தை ஒரு கம்பெனி தாக்கும். மூன்றில் ஒரு பகுதி சுடுகிறது, ஒரு பகுதி தாக்குகிறது, ஒரு பகுதி கையிருப்பாக நிற்கிறது என்று பார்த்தால் அந்த எண்ணின் காரணம் விளங்கும். போர்முனை முழுவதும் மும்மடங்கு வேண்டியதில்லை. தாக்கும் இடத்தில், தாக்கும் நேரத்தில் இருந்தால் போதும்.

உயர்ந்த மலையில் இந்தக் கணக்கு உடைந்துவிடும். பாதை குறுகலாக இருப்பதால் மும்மடங்கு ஆட்கள் இருந்தாலும் முன்னால் நிற்க இடமிருப்பது சிலருக்குத்தான். 1999இல் கார்கிலின் தோலோலிங் சிகரத்தின் மேல் மே மாதம் தொடங்கிய முயற்சிகள் ஜூன் 13 அன்றுதான் 2 ராஜ்புதானா ரைபிள்ஸின் தாக்குதலில் முடிவுக்கு வந்தன. அங்கே ஆட்கள் செய்ய முடியாத அடக்கும் வேலையை 155 மி.மீ. போஃபர்ஸ் உள்ளிட்ட பீரங்கிகள் செய்தன.

இரவில் தாக்குவது எதிரி தூங்குவான் என்பதற்காகவா?

எதிரி பார்க்க முடியாது என்பதற்காக. இருட்டும் புகையும் அடக்குச் சூடும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இருட்டு குண்டு செலவில்லாமல் செய்கிறது. அது தீர்ந்துபோகும் நேரத்தில் சிக்கல் எழும். 1982 மே 28 அன்று ஃபாக்லாந்துத் தீவுகளின் கூஸ் கிரீனில் பிரிட்டிஷ் படையின் 2 பாராசூட் பட்டாலியன் அர்ஜென்டினப் படைமீது இரவில் தாக்குதலைத் தொடங்கியது. டார்வின் குன்றின் முன்னால் அவர்களுக்கு விடிந்துவிட்டது. மறைவில்லாத திறந்த நிலம், ஆதரவுக்கு மூன்றே 105 மி.மீ. பீரங்கிகள். பட்டாலியன் தளபதி எச். ஜோன்ஸ் அங்கே கொல்லப்பட்டார். மாலைக்குள் பட்டாலியன் முன்னேறிவிட்டது, மறுநாள் எதிரி சரணடைந்தான். ஆனால் விடிந்த பிறகு கடந்த ஒவ்வொரு மீட்டருக்கும் வேறு விலை கொடுக்க வேண்டியிருந்தது.

இடத்தைப் பிடித்த பின் ஏன் உடனே ஓய்வெடுக்க முடியாது?

அந்த நேரத்தில்தான் அணி மிக பலவீனமாக இருக்கிறது. குண்டுகள் குறைந்திருக்கும், தலைவர்கள் சிலர் விழுந்திருப்பார்கள், மூச்சு வாங்கும், எல்லோரும் ஒரே குழிக்கருகில் கூடியிருப்பார்கள். அந்த இடத்தின் தூரமும் கோணமும் எதிரிக்கு அத்துப்படி. சற்று முன்வரை அவனுடைய வீடு அது. ஜெர்மானியப் படை இழந்த நிலையை உடனே எதிர்த்தாக்குவதை இரண்டு உலகப் போர்களிலும் வழக்கமாகவே வைத்திருந்தது. ஆகவே முதலில் இலக்கைத் தாண்டிக் காவல் போடுவார்கள், எல்.எம்.ஜி.யை எதிர்த்தாக்குதல் வரக்கூடிய பக்கம் திருப்புவார்கள், தலை எண்ணுவார்கள், குண்டுகளைப் பகிர்வார்கள், காயமடைந்தவர்களைப் பின்னே அனுப்புவார்கள். பிறகே தண்ணீர்.

போரில் பெரும்பாலோர் சுடுவதே இல்லை என்று படித்தேன். அப்படியானால் இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்தானா?

அமெரிக்கர் எஸ். எல். ஏ. மார்ஷல் 1947இல் வைத்த வாதம் அது: சண்டையில் நேரடியாக ஈடுபட்டவர்களில் சுட்டவர்கள் கால்வாசியைத் தாண்டவில்லை என்றார். பிற்கால ஆய்வாளர்கள் அவருடைய குறிப்புகளில் அந்த எண்ணுக்கு ஆதாரம் காணவில்லை. ஆகவே எண்ணை நம்ப வேண்டியதில்லை. ஆனால் தரையில் முகம் புதைத்துக் கிடப்பவரைச் சுடவைப்பதும் எழவைப்பதும் கடினம் என்பதைச் சண்டை கண்ட எவரும் மறுப்பதில்லை. செக்‌ஷன் தலைவர் ஊர்ந்துபோய், ஒருவர் காலைத் தட்டி, "அந்த ஒற்றை மரத்துக்கு இடப்புறம்" என்று இலக்கைக் காட்டுவது அதனால்தான்.

டிரோன்கள் வந்தபின் இவையெல்லாம் பழங்கதை இல்லையா?

2022 முதல் உக்ரைனில் நடக்கும் போர், மறைந்து நகர்வதை மிகக் கடினமாக்கிவிட்டது. மேலேயிருந்து பார்க்கும் கண்ணுக்குப் பின்சரிவும் முன்சரிவும் ஒன்றுதான். ஆகவே பின்சரிவு பற்றிச் சொன்னதில் பாதியைத் திருத்திக்கொள்ள வேண்டும். குழுக்கள் மேலும் சிறுத்துவிட்டன, நிலைகளுக்கு மேலே வலையும் கூரையும் ஏறிவிட்டன, கூட்டமாக நிற்பது முன்னைவிட ஆபத்தாகிவிட்டது.

ஆனால் அகழியின் கடைசி ஐம்பது மீட்டரைக் கடந்து உள்ளே இறங்குவதை அங்கேயும் மனிதர்களே செய்கிறார்கள். அவர்கள் ஓடும் அந்த நொடிகளில் எதிரியின் தலையைக் கீழே வைத்திருக்கும் பொறுப்பு இயந்திரத் துப்பாக்கியிடமிருந்து ஓரளவு டிரோனுக்கும் போயிருக்கிறது. டிரோனின் மின்கலம் எத்தனை நிமிடம் தாங்கும் என்பதை, முன்பு நாடாக்களை எண்ணியதுபோல, இப்போது புறப்படும் முன் எண்ண வேண்டியிருக்கிறது.